வாய் மூடிக்கொள்ளும் வயது: 10 முதல் 14 வரை பல் தொந்தரவையும் நட்பு மாற்றத்தையும் கடக்க முழுமையான வழிகாட்டி

10 வயதுப் பிள்ளையின் வாயில் பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்து நிற்கும். 9 முதல் 12 வயதுக்குள் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் முளைக்கும், 11 முதல் 13 வயதுக்குள் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் வரும். 13 வயது வாக்கில் ஞானப்பல் நீங்கலாக 28 நிலைப்பற்களும் வந்துவிடும். பற்களை வரிசைப்படுத்தக் கிளிப் போடுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். ஓடி ஆடி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வதும் இதே காலத்தில்தான்.

நட்பு கலைந்து அடுக்கப்படுவதும் அப்போதுதான். பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். இந்த இடைவெளி பெரியது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு எல்லாம் மாறியிருக்கும், மற்றவர் இன்னும் சிறு பிள்ளையாகவே இருப்பார். நேற்று வரை ஒன்றாக விளையாடியவர்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போவது இதனால்தான். யார் மீதும் தவறில்லை.

இரண்டும் ஒன்றாக வரும்போது நடப்பதைப் பெரியவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். பல்லில் பிரச்சினை உள்ள பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. சிரிப்பு வந்தால் கையால் மறைக்கிறது, சாப்பாட்டு வேளையில் ஒதுங்கிப் போகிறது, வகுப்பில் பதில் தெரிந்தும் பேசாமல் இருக்கிறது. தோழர்கள் அதைப் பல்லோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 'இவளுக்கு நம்மைப் பிடிக்கலை போல' என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பல் சரியாக 2 ஆண்டு ஆகலாம், நட்பு அதற்குள் போய்விடும். அதனால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றையும், பிள்ளை வாய் திறந்து பேசவும் சிரிக்கவும் சாப்பிடவும் இது உதவுமா என்ற கேள்வியோடு படியுங்கள்.

நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால்: முதல் 1 மணி நேரம்

முதலில் தலையைக் கவனியுங்கள். மயக்கம், வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பல் பிறகு, மருத்துவமனை முதலில். அப்படி எதுவும் இல்லை என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எலும்போடு பல் மறுபடி ஒட்டுவது அதிலுள்ள உயிரணுக்களால்தான். காய்ந்தால் அவை சாகத் தொடங்கும், 60 நிமிடம் வெறும் காற்றில் கிடந்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

1. பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள். மஞ்சளாக, கூராக இருக்கும் வேர்ப்பகுதியில் விரல் படக் கூடாது.
2. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைன் நீரிலோ மெல்ல அலசுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் குழாய்த் தண்ணீரில் 10 விநாடிக்குள் அலசலாம். தேய்க்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், சோப்பு போடாதீர்கள். அழுக்கைப் போக்கும் ஆர்வத்தில் சவ்வைச் சுரண்டி எடுத்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.
3. பிள்ளை தெளிவாக இருந்தால், பல்லை அது இருந்த குழியிலேயே மெல்ல அழுத்திப் பொருத்துங்கள். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கடித்தபடி இருக்கச் சொல்லுங்கள்.
4. பொருத்த முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போடுங்கள். பால் இல்லையென்றால் பிள்ளையையே ஒரு சிறு டப்பாவில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் உயிரணுக்கள் ஊறி வெடித்துவிடும். ஆனாலும் காய விடுவதைவிடத் தண்ணீரே மேல்.
5. நேராகப் பல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று வழியிலேயே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

பால்பல் விழுந்தால் இப்படித் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு. 11, 12 வயதில் முன்பல் என்றால் அது பெரும்பாலும் நிலைப்பல்தான், ஏனென்றால் மேல் முன்பற்கள் 7 முதல் 9 வயதுக்குள்ளேயே முளைத்துவிடும். கோரைப்பல்லும் கடைவாய்ப்பல்லும் என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அப்போது மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

1 மணி நேரம் தாண்டிவிட்டது என்று பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காய்ந்த பல்லையும் மருத்துவர் பொருத்துவதுண்டு. அது கடைசி வரை நிற்காது என்றாலும், தாடை எலும்பு சூம்பிப் போகாமல் சில ஆண்டுகள் காத்துக்கொடுக்கும்.

பல் உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுத்து, ஈரமாக வைத்துக் கொண்டுபோங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால் அது உதட்டுக்குள் புதைந்திருக்கக்கூடும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்துகிடக்கிறது என்று பொருள், அன்றைக்கே பார்த்தாக வேண்டும். பல் விழாமல் உள்ளே போயிருந்தாலோ பக்கவாட்டில் சாய்ந்திருந்தாலோ அதுவும் அன்றைய வேலைதான்.

அடுத்த 2 வாரம்

பொருத்திய பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்துவைப்பார்கள். வேரோடு பெயர்ந்து விழுந்த பல்லுக்கு வழக்கமாக 2 வாரம், பக்கவாட்டில் நகர்ந்த பல்லுக்கு 4 வாரம். கம்பியை விறைப்பாகக் கட்டாமல் லேசாக அசையும்படி விடுவது வேண்டுமென்றேதான். சிறு அசைவு இருந்தால்தான் சவ்வு நன்றாக ஆறும். 'ஆடுகிறதே' என்று பயந்து நாக்காலும் விரலாலும் சோதித்துப் பார்ப்பதுதான் கெடுதல்.

இந்த நாட்களில் மென்மையான உணவு: குழைய வெந்தது, மசித்த காய்கறி, முட்டை, தயிர், வாழைப்பழம். முன்பல்லால் கடிப்பது வேண்டாம். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் மிக மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். 0.12% குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி தினம் 2 வேளை கொப்பளிக்கச் சொல்வார்கள். அது பல்லில் பழுப்புக் கறை படிய வைக்கும், நாக்கின் சுவையையும் சில நாள் மாற்றும். இரண்டும் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், கண்ணாடியில் கறையைப் பார்த்த பிள்ளை பல் அழுகுகிறது என்று நினைத்து இரவெல்லாம் அழும்.

வேர் முழுதும் வளர்ந்துவிட்ட பல்லுக்கு 2 வாரத்துக்குள் ரூட் கேனல் தொடங்குவார்கள். வேரின் நுனி இன்னும் திறந்திருந்தால் உள்ளே இரத்த ஓட்டம் தானாகத் திரும்ப வாய்ப்புண்டு, அதனால் காத்திருந்து பார்ப்பார்கள். அதன் பிறகும் 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 ஆண்டு, பிறகு குறைந்தது 5 ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. வலி இல்லை என்று இதை விட்டுவிடாதீர்கள். பொருத்திய பல்லின் வேர் சில சமயம் உள்ளே கரையத் தொடங்கும். அது வலிக்காது, எக்ஸ்ரேயில் மட்டும்தான் தெரியும். ஈறில் சிறு கொப்புளம், கடித்தால் வலி, பல் சாம்பல் நிறமாகிக்கொண்டே போவது ஆகியவற்றைக் கண்டால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்கு எப்போது அனுப்புவது? வீக்கம் முழுதும் வற்றட்டும் என்று 2 வாரம் வீட்டில் வைத்துக்கொள்வது இரக்கத்தால் செய்யும் பிழை. வலி மாத்திரையில் அடங்கிவிட்டால் 2, 3 நாளில் அனுப்பலாம். நீண்ட இடைவெளியில் வகுப்பில் கதை பரவிவிடும், உட்காரும் இடமும் போய்விடும். போவதற்கு முந்தைய மாலை நெருங்கிய தோழி ஒருத்தியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவள் முதலில் பார்த்துவிட்டால், மறுநாள் வகுப்பில் உங்கள் பிள்ளை பக்கம் ஏற்கனவே ஒருத்தி இருப்பாள்.

முன்பல் நிலைக்காவிட்டால்

வளரும் வயதில் திரும்பப் பொருத்திய பல் சில சமயம் எலும்போடு எலும்பாக இறுகிவிடும். சுற்றிலும் தாடை வளர வளர அந்தப் பல் மட்டும் மேலே தங்கி, மற்றவற்றைவிடக் குட்டையாகத் தெரியும். எடுக்க வேண்டி வந்தால் உடனே இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இம்ப்ளாண்டும் எலும்போடு இறுகி நிற்பதுதான். தாடை வளர்ச்சி முடியும் முன் வைத்தால் அதுவும் இதே போல் பின்தங்கிவிடும். 18 வயதுக்கு மேல், பலருக்கு 20ஐத் தாண்டியும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அதுவரை கழற்றி மாட்டும் தட்டில் ஒரு பல், பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் சிறு பாலம், பக்கத்துப் பற்களை நகர்த்தி இடைவெளியை மூடுவது, சில பிள்ளைகளுக்கு வேறிடத்து முன்கடைவாய்ப் பல்லை எடுத்து நடுவது என்று வழிகள் உண்டு. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: 'முன்பல் இல்லாமல் இவன் எத்தனை நாள் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்?' தற்காலிகப் பல் தயாரான பிறகு பல்லை எடுக்கும்படி தேதியை ஒழுங்கு செய்துகொள்ளலாம். கேட்காவிட்டால் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கழற்றும் தட்டு போட்ட பிள்ளை விளையாடும்போது அதைக் கழற்றி டப்பாவில் வைக்க வேண்டும், மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு. கழற்றுவதை மற்றவர் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் விபத்துக்குக் காரணமாகிறது. கழிவறையில் கழற்றிவிட்டு மைதானத்துக்கு வரும் பழக்கத்தை முதல் நாளே உண்டாக்குங்கள்.

கிளிப் போடும்போது

கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்ட வேண்டியிருந்தால், சில நாள் முன்பே அவற்றுக்கு நடுவில் சிறு ரப்பர் வளையங்களைச் செருகுவார்கள். பல்லிடுக்கில் உணவு மாட்டிக்கொண்டது போன்ற நெருடல் இருக்கும். பல் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளிப் போட்டு 4 முதல் 6 மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், 3 முதல் 7 நாளில் அடங்கும். ஒவ்வொரு முறை கம்பியை முறுக்கும்போதும் இதே வரிசைதான், ஆனால் போகப்போகக் குறைவாக. இது தெரிந்தால் நாளைத் தேர்ந்தெடுப்பது எளிது. விடுமுறைக்கு முந்தைய மாலை நல்லது. தேர்வு, சுற்றுலா, தோழியின் பிறந்தநாள் ஆகியவற்றுக்கு முதல் நாள் வேண்டவே வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்: ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் இல்லை. 40 கிலோ பிள்ளைக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று இந்த அளவுக்குள் வரும். 16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாவது முதல் 2 வாரத்தின் பெரிய தொல்லை. மெழுகு கொடுத்திருப்பார்கள், ஆனால் 'ஒட்டவே மாட்டேங்குது' என்று பெரும்பாலான பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒட்டாததற்குக் காரணம் ஈரம். கையைக் கழுவி, மெழுகில் ஒரு பட்டாணி அளவு கிள்ளி, விரல் நுனிகளுக்கு நடுவில் 5, 6 முறை உருட்டினால் இளகும். உதட்டை விலக்கி, உரசும் பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சிறு துண்டு) டிஷ்யூ தாளால் ஒற்றிக் காயவிட்டு, உதட்டைத் திரும்ப விடாமலேயே மெழுகை அழுத்தித் தட்டையாக்க வேண்டும். சாப்பிடும் முன் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக வைக்கலாம். தெரியாமல் விழுங்கினாலும் கெடுதல் இல்லை. புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, தினம் 3, 4 முறை கொப்பளிக்கலாம்.

கம்பி நுனி பின்னால் குத்தினால் பென்சிலின் ரப்பர் முனையைச் சுத்தம் செய்து, அதால் கம்பியைப் பல்லோடு ஒட்டினாற்போல் வளைத்துவிடுங்கள். முடியாவிட்டால் மெழுகு. பிராக்கெட் கழன்றாலும் அது கம்பியில்தான் கோத்திருக்கும். பிய்த்து எடுக்காமல் மெழுகால் நிறுத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டால் பொதுவாக மலத்தோடு வந்துவிடும், ஆனால் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனை.

துலக்குவதுதான் இந்த இரண்டு ஆண்டின் முக்கிய வேலை. 1350 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை பிராக்கெட்டுக்கு மேலே கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று, பிராக்கெட்டுக்குக் கீழே மேல்நோக்கிச் சாய்த்து ஒரு சுற்று, பிறகு ஈறு ஓரம், உட்புறம், கடிக்கும் பரப்பு. கம்பிக்கு அடியில் குட்டி இடைவெளி பிரஷ். எல்லாம் 4 நிமிடம் ஆகும். முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். அழுக்கு தங்கினால் பிராக்கெட்டைச் சுற்றிப் பல்லின் மேலுறையான எனாமல் சுண்ணாம்பு போல் வெளுக்கும். சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடும், கிளிப்பைக் கழற்றிய பிறகும் சதுரம் சதுரமாகத் தெரியும். இந்த வயதின் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும், இரத்தம் கசியும். இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் இன்னும் வீங்கும். அங்கேதான் மெதுவாக, அதிக நேரம் துலக்க வேண்டும்.

பள்ளிப் பைக்குள் ஒரு சிறு பை இருக்கட்டும்: மடக்கும் பிரஷ், இடைவெளி பிரஷ், மெழுகு, டிஷ்யூ, கைக்கண்ணாடி, மாற்று ரப்பர் பேண்டுகள். சாப்பிட்டதும் தோழர்களோடு எழுந்து, 2 நிமிடம் கண்ணாடி பார்த்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்ள இது போதும். இது இல்லாத பிள்ளை, பல்லில் ஏதோ சிக்கியிருக்குமோ என்ற பயத்தில் மதியம் முழுதும் வாயைத் திறக்காது. சிலர் சாப்பாட்டையே தவிர்த்துவிடுவார்கள். முறுக்கிய வாரம் தாண்டியும் 'பல் வலிக்குது' என்று சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தால், அது பெரும்பாலும் வலியாக இருக்காது. கூச்சமோ, சாப்பிட யார் பக்கத்திலும் இடம் கிடைக்காததோ, எடையைக் குறைக்கும் எண்ணமோ பின்னால் இருக்கலாம். விசாரித்துவிடுங்கள்.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து இழுக்கும் ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லியிருந்தால் சொன்ன மணிக்கணக்கு முழுதும் மாட்ட வேண்டும், வழக்கமாக இது நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல். விட்டுப்போன நாளுக்கு ஈடாக இரண்டு மாட்டினால் வேர்களுக்குக் கேடு. மேலண்ணத்தில் தட்டோ, அண்ணத்தை அகலப்படுத்தும் விரிப்பானோ போட்டால் 'ச', 'ஸ' ஒலிகள் சிதறும், எச்சில் ஊறும். தினம் 15 நிமிடம் உரக்கப் படித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். விரிப்பானைத் திருகும்போது முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். அது சிகிச்சை வேலை செய்வதற்கான அடையாளம், ஆனால் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, பற்கள் பழைய இடத்துக்கு நகராமல் காக்கும் ரீடெய்னர் வந்தால் விதி ஒன்றுதான்: வாயில் இல்லாவிட்டால் டப்பாவில். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தவை குப்பையோடு போய்விடுகின்றன. வெந்நீரில் கழுவினால் நெளியும்.

வகுப்பில் என்ன சொல்வது

டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இந்த வயதின் ஓர் இயல்பைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று விவரித்தார். எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பிள்ளை உறுதியாக நம்பும். 'யாரும் கவனிக்க மாட்டாங்க' என்று நீங்கள் சொன்னால் எடுபடாது. கிளிப்பை யாராவது கவனிக்கத்தான் செய்வார்கள், அப்போது உங்கள் சொல்லின் மதிப்பும் போய்விடும். 'முதல் ரெண்டு மூணு நாள் பார்ப்பாங்க, கேட்பாங்க. அப்புறம் பழகிடும்' என்பதுதான் உண்மை. அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு வேண்டியது ஒரே வரி, அதோடு பேச்சைத் திருப்ப ஒரு கேள்வி. 'ஆமாடி, நேத்துதான் போட்டாங்க. நாளைக்கு வரைக்கும் வலிக்குமாம். சரி, கணக்கு ஹோம்வொர்க் முடிச்சிட்டியா?' விழுந்த பல்லுக்கு: 'விழுந்துட்டேன்டா, பல்லு போச்சு. புதுசு ரெடி பண்றாங்க.' இதைக் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து, சத்தமாக, 4, 5 முறை சொல்லிப் பார்க்கட்டும். நீளமான விளக்கம் அடுத்த கேள்விக்கு வழிவிடும். மறைத்தால் அதுவே செய்தியாகிவிடும்.

நட்பு மாறும்போது

மூன்று விஷயங்கள் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும்: நண்பர்கள் விலகுவது, பிள்ளை தானே விலகுவது, ஒதுக்கப்படுவது. எது என்று தெரியாமல் அறிவுரை சொன்னால் காயம்தான் மிஞ்சும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. கடைசியாக ஒன்றாகச் செய்த 5 விஷயங்களை நினைவுபடுத்தச் சொல்லுங்கள், யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் அவர்களே கூப்பிட்டு, கடைசி இரண்டுக்கு இவள் 'வரலை' என்று சொல்லியிருந்தால், விலகியது இவள்தான், பல் காரணமாக இருக்கலாம். சரிசெய்வது எளிது: 'அப்போ பல்லு வலி, அதான் வரலை. இந்த வாரம் போலாமா?' என்ற ஒரு செய்தி. கிளிப் போட்ட பிள்ளைகளில் இது நாம் நினைப்பதைவிட அதிகம்.

எல்லாவற்றுக்கும் இவளே கூப்பிட்டிருந்தால் இன்னும் 3 முறை முயலட்டும். ஒவ்வொன்றும் வேறு நாள், வேறு வேலை, தெளிவான நேரத்தோடு. 'எப்பவாவது மீட் பண்ணலாம்' என்றால் யாரும் பதில் சொல்வதில்லை. மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்து, எதிர் அழைப்பும் இல்லை என்றால் நட்பு தளர்ந்துவிட்டது. சண்டை தேவையில்லை, அறிவிப்பும் தேவையில்லை. கண்டால் சிரிப்பது, பாடம் கேட்டால் சொல்வது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். பருவ வேகம் சமமாகும்போது, 15, 16 வயதில் இப்படிப்பட்ட நட்புகள் திரும்பி வருவதும் உண்டு. கதவைச் சாத்தாமல் இருந்தால் நல்லது.

குழுவுக்குள்ளேயே ஒரே ஆளைத் தொடர்ந்து கேலி செய்கிறார்கள், அது உங்கள் பிள்ளைதான் என்றால் வெளியேறுவதற்குத் திட்டம் வேண்டும். வெளியேறிய பிறகு எங்கே உட்காருவது என்பதுதான் பிள்ளைகளை அங்கேயே கட்டிப்போடும் பயம். அதனால் முதலில் ஒரே ஓர் ஆளைத் தேடட்டும். பெரிய குழு வேண்டாம். பேருந்தில் பக்கத்தில் வருபவர், ஆய்வகத்தில் கூட இருப்பவர், நூலகத்தில் அடிக்கடி தென்படுபவர். ஏதாவது செய்யும் வேலையோடு, 1 அல்லது 2 மணி நேரத்துக்கு மட்டும் சந்திப்பு வையுங்கள். வெறுமனே உட்கார்ந்து பேச வைத்தால் இந்த வயதில் இருவருக்கும் திணறும். இரண்டு வாரத்தில் இரு முறை பிடித்திருந்தால், பள்ளியில் சாப்பாட்டு இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கு வெளியே இன்னொரு வட்டம், விளையாட்டோ இசையோ எதுவாகவும், கட்டாயம் இருக்கட்டும். ஒரு இடத்தில் மோசமான வாரம் போனாலும் இன்னொரு இடத்தில் அவன் வேறு ஆளாக இருக்கலாம். குழல் வாத்தியம் வாசிக்கும் பிள்ளைக்குக் கிளிப் போட்டதும் ஒலி மாறும், உதடு பழகச் சில வாரம் ஆகும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வகுப்பை விட்டு நிற்காது. விளையாட்டுக்குக் கிளிப்பின் மேல் பொருந்தும் பல் காப்பு தனியாக உண்டு, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் நடுவில் கோடு

டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பள்ளித் துன்புறுத்தலை ஆராய்ந்தபோது வகுத்த மூன்று அடையாளங்கள் இன்றும் உதவுகின்றன: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதபடி பலம் ஒருபக்கம் இருப்பது. பல்லைப் பற்றிய ஒரு கிண்டலுக்கு 'அது எனக்குப் பிடிக்கலை, விடு' என்று ஒரு முறை, நேராகப் பார்த்து, சிரிக்காமல் சொன்னால் போதும். நண்பன் என்றால் நிறுத்துவான். சொன்ன பிறகும் தொடர்ந்தால் அது கிண்டல் இல்லை.

அப்போது எழுதிவையுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் பார்த்தார்கள். ஃபோனில் வந்தவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டுத்தான் தடைசெய்ய வேண்டும். கோபத்தில் அழித்துவிட்டால் சான்று போய்விடும். வாயை மட்டும் பெரிதாக்கி ஸ்டிக்கராக்குவது, இவரை மட்டும் விட்டுவிட்டுப் புதுக் குழு தொடங்குவது ஆகியவையும் குறிப்பில் வரட்டும். வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, என்ன செய்வார்கள், எப்போது திரும்பச் சொல்வார்கள் என்று கேட்டு வாருங்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோரை நீங்களே அழைத்துச் சண்டை போடாதீர்கள். அதன் விலையை மறுநாள் வகுப்பில் உங்கள் பிள்ளைதான் கொடுக்கும்.

வீட்டில்

எதிரே உட்கார வைத்து 'என்ன ஆச்சு, சொல்லு' என்றால் வராது. நடக்கும்போது, வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, முகம் பார்க்காத நேரத்தில் வரும். வந்ததும் தீர்வு சொல்லாதீர்கள். 'இவ இல்லன்னா இன்னொருத்தி' என்பது பெரியவர்களுக்கு ஆறுதல், பிள்ளைக்குத் தன் துக்கம் சின்னது என்ற செய்தி. 'நான் கேட்டா போதுமா, இல்ல ஏதாவது பண்ணணுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டால் போதும் என்றுதான் சொல்லும்.

வீட்டில் கேலிப் பெயர் வேண்டாம். உறவினர் யாராவது பல்லைப் பற்றிப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். 2 வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு, சாப்பாடு குறைவு, எதிலும் நாட்டமின்மை நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். 'நான் இல்லாம போயிட்டா நல்லது' என்ற பேச்சு ஒரே ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேடுங்கள், தனியாக விடாதீர்கள்.

புகைப்பட நாள்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பிள்ளைகள் இதற்காக வாரக்கணக்கில் பயப்படுகிறார்கள். முந்தைய மாலை கண்ணாடி முன் மூன்று விதமாகச் செய்து பார்க்கட்டும்: வாய் மூடிய புன்னகை, பல் லேசாகத் தெரியும் புன்னகை, முழுச் சிரிப்பு. எது வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மூடிய புன்னகையைத் தேர்ந்தெடுத்தால் விட்டுவிடுங்கள். காலையில் இடைவெளி பிரஷ்ஷையும் கைக்கண்ணாடியையும் பைக்குள் வையுங்கள், கம்பியில் வண்ண ரப்பர் போட்டிருந்தால் மஞ்சள் கறை படியாத அடர்நிறத்துக்கு முந்தைய முறையே மாற்றியிருங்கள். படம் வீட்டுக்கு வந்ததும் 'ஏன் பல்லைக் காட்டலை' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.